வாத்தியக் குழுவுக்கு நாற்காலி போடப் போகும் மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். எழுதத் தொடங்கினால் பேச்சு எங்கோ போய்விடுகிறது. அதனால் ஆபீஸில் பெரிய பார்ட்டிகளுக்குக் கடிதம் எழுதுமுன் செய்வதைப் போல, சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு அதன்படி போகிறேன்.

1. உன் முடிவைக் கேட்டு இங்கே மற்றவர்கள் சொன்னது.
2. நீ சேரப் போகும் வாத்தியக் குழு எனக்கு எப்படிப் பழக்கம் என்பது.
3. அது எப்படி உண்டாயிற்று, எப்படி வேலை செய்கிறது. அங்கே நாற்காலி போடுகிறவன் கவனிக்க வேண்டியவை.
4. ஓர் ஆள் குறைவதால் எதுவும் குறைந்துவிடுவதில்லை என்பது.
5. நீ கேட்ட கேள்விக்கு என் பதில்.

ஐந்தாவதை முதலிலேயே எழுதியிருக்கலாம். 'வா என்றால் வந்துவிடுகிறேன், இரு என்றால் இருக்கிறேன், வேறு யாரையும் நான் கேட்கவில்லை' என்று நீ எழுதியிருந்தாய். ஒரு வார்த்தையில் முடிகிற பதில்தான். ஆனால் நேரே ஒன்றைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. உன் அம்மா இருந்தவரை அவள் சொல்லிவிடுவாள். நான் 'ஆமாம்' என்று தலையாட்டுவேன். இப்போது தலையாட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் விஷயம். அச்சகத்தில் முதலாளியிடம் சொல்லப் போனேன். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டதால் அவர் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். தம்பிக்குப் பயிற்சி முடிஞ்சிருச்சே, எப்ப வர்றாப்ல?"

"அது விஷயமாத்தான் வந்தேன்."

"என்ன, வெள்ளைக்காரப் பிள்ளை ஏதும் பாத்துட்டாப்லயா?"

"அதெல்லாம் இல்லைங்க. அங்கன ஊருக்குப் பொதுவுல ஒரு வாத்தியக் குழு இருக்கு. அதுல வேலைக்கு இருக்கச் சொல்றாகளாம்."

"நம்ம தம்பியா? என்ன வாசிப்பாப்ல?"

"வாசிக்க இல்லைங்க. நாற்காலி போட. வாத்தியங்களை லாரியில ஏத்தி இறக்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "மெஷினுக்கு இப்ப ரெண்டு பேரு நல்லாப் பழகிட்டாக. தம்பி வந்தாத்தான் ஆச்சுன்னு நான் கட்டாயப்படுத்தல. ஆனா சார், ஒண்ணு கேக்கேன். அம்புட்டு பெரிய தேசத்துல நாற்காலி போட ஆளு கெடைக்கலையா? சிவகாசியில இருந்தா போகணும்?" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஆகவே கம்பெனி தரப்பில் உனக்குத் தடை இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து உன் தாய்மாமா விருதுநகரிலிருந்து வந்தார். மிளகாய் வத்தல் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "ஏன் மச்சான், நான் கேள்விப்பட்டது நெசந்தானா? படிச்ச பய, மேளக்காரவுகளுக்கு நாற்காலி தூக்கிப் போடப் போறானாமே? கமிஷன் கடையில நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? சர்க்கஸ் கம்பெனியில சேந்துட்டான்னு சொல்லட்டுமா? அதாச்சும் ஜனங்களுக்குப் புரியும்."

"சர்க்கஸ் இல்ல மாப்ள."

"புலி கிலி ஒண்ணும் கெடையாதா?"

"கெடையாது."

"அப்புறம் எதுக்கு லாரி?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு, "என்னமோ போங்க, அக்கா இருந்திருந்தா இப்பிடி விட்டிருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் மனசில் கள்ளம் இல்லை. நீ வருத்தப்பட வேண்டாம்.

இரண்டாவது. நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, நம் அச்சகம் முதல் ஆஃப்செட் மெஷினை வாங்கியது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு ஆளை அனுப்பலாம் என்று மெஷின் செய்கிறவர்கள் எழுதினார்கள். பி.ஏ. படித்தவன், இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன் என்பதற்காக முதலாளி என்னை அனுப்பினார். மெஷின் ஓட்டுகிற கை எனக்குக் கிடையாது என்று சொல்ல நினைத்து, சொல்லாமலேயே கப்பலேறினேன். திரும்பி வந்தபின் உங்களிடம் மெஷினைப் பற்றியும் பனியைப் பற்றியும் சொன்னேன். வாத்தியக் குழுவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள் என்ற பயம். அதே மெஷின் பயிற்சிக்குப் போன நீ, அதே ஊரிலிருந்து அதே குழுவைப் பற்றி எழுதியபோது, என் பெட்டியை யாரோ திறந்து பார்த்துவிட்டதைப் போல இருந்தது.

அந்த ஊரில் எனக்கு ஒரு அறை பிடித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் ஓட்டோ. நீ போவதற்கு முன்பே ஓய்வு பெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார் என்று நீ எழுதியிருந்த முரசுக்காரர் இவர்தான். அந்தக் குழுவில் பெரிய செம்பு முரசுகளை அடிப்பவர். யுத்தத்தில் இங்கிலீஷ்காரர்களிடம் கைதியாக இருந்ததால் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவார். நான் தொழிற்சாலை விட்டு வந்தால் அறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு மணிக்கே இருட்டிவிடும். யாரிடமாவது பேச வேண்டும் என்று இருக்கும். ஆள் எதிரே வந்தால் பேச வராது. உன் அம்மா போட்டுக் கொடுத்த பருப்புப் பொடியை ஒவ்வொரு கரண்டியாக மிச்சம் பிடித்தேன். ஒருநாள் ஓட்டோ கதவைத் தட்டி, "இந்த அறையை விட எங்கள் ஒத்திகை அறையில் கணப்பு நன்றாக எரியும், வருகிறீர்களா?" என்று கூப்பிட்டார். சங்கீதத்துக்காக நான் போகவில்லை. குளிருக்காகத்தான் போனேன். பிறகு தினமும் போனேன். மூலையில் ஒரு நாற்காலி. யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் போகச் சொல்லவும் மாட்டார்கள். அந்த ஏழெட்டு மாதத்தில் மனிதர்களுக்கு நடுவே இருந்தேன் என்று சொல்லத்தக்க நேரம் அது ஒன்றுதான்.

ஒத்திகையில் துண்டு துண்டாகத்தான் வாசிப்பார்கள். முழுக் கச்சேரிக்கு முதல்முறை போனபோது ஒரு காரியம் செய்தேன். அதை உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் அச்சகத்துக்கு வருமுன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதினேன் அல்லவா? அங்கே சேர்ந்த அன்றைக்கே ஃபோர்மேன் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: "சத்தம் கேட்டா ஓடுங்க. என்ன சத்தம்னு ரோட்டுல போயி நின்னு கேட்டுக்கலாம்." அது என் காலில் ஏறிவிட்டது. உனக்கும் இருக்கிறது, நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. உன் அக்கா கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் சமையல்கட்டில் எவனோ அண்டாவைக் கீழே போட்டானே, ஞாபகம் இருக்கிறதா? மாப்பிள்ளை வீட்டார் அருப்புக்கோட்டைக்காரர்கள், அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் தெருவில் நின்றோம். "பொண்ணு வீட்டுக்காரக அம்புட்டு பேரும் ரோட்டுல நிக்காக, யாரு முன்னால தாலி கட்டுறது?" என்று அந்தச் சம்பந்தியம்மாள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கச்சேரியிலும் அதுவேதான் நடந்தது. வெகுநேரம் மெல்லிய இசையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஓட்டோ இரண்டு கைகளாலும் முரசை அடித்தார். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் நான் முற்றத்தில் பனியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கிழவியின் காலை மிதித்தது மட்டும் நினைவிருக்கிறது. உள்ளே இசை நிற்காமல் நடந்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. என் கோட்டும் உள்ளே இருந்தது. முடிகிறவரை அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ஓட்டோ என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "அவ்வளவு மோசமாகவா அடித்தேன்?" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஸ்வநத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நான் யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கும் ஓடத்தான் தோன்றுகிறது. அடிக்கிறவன் நானே என்பதால் ஓட முடிவதில்லை" என்றார். அதன்பின் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால், எந்த இடத்தில் முரசு வரும் என்று எனக்குச் சொல்லி வைத்தார். அதோடு, அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தலையைத் தூக்கி நான் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்ப்பார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். வாசிக்கும்போது கூட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று, முன்னால் நின்று கோலசைத்து இசையை நடத்தும் நடத்துனர் அவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். "மன்னிக்கவும்" என்றார். அடுத்த கச்சேரியிலும் பார்த்தார்.

மூன்றாவது. இது உனக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம். ஆனால் நீ இப்போது பார்ப்பது புது மண்டபம், புது நாற்காலிகள். நான் பார்த்தது வேறு. அந்த ஊரில் வெகு காலத்துக்கு முன் கோபுரத்தின் மேல் நின்று குழல் ஊதி நேரம் சொல்லும் ஊழியக்காரர்கள் இருந்தார்களாம். அவர்களில் நன்றாக ஊதுகிறவர்களைச் சிற்றரசர் ஒருவர் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே அவர்கள் வாத்தியம் வாசிப்பதோடு விருந்தில் தட்டும் ஏந்த வேண்டும். சூப்பு பரிமாறிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பிடில் எடுப்பார்கள் என்று ஓட்டோ சொன்னார். உன் மாமாவிடம் யாராவது இதைச் சொன்னால் நல்லது. நாற்காலி போடுவது அந்தத் தொழிலில் அப்படியொன்றும் கீழே இல்லை. அரசர் வம்சம் போனபின் ஊர் ஜனங்களே வரி போட்டுக் குழுவைக் காப்பாற்றினார்கள். பிறகு யுத்தம். நாடகக் கொட்டகை எரிந்துபோயிற்று. இசைத் தாள்களை மட்டும் ஓட்டோவின் மனைவியும் இன்னும் சில பெண்களும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு சாராயக் கம்பெனியின் நிலவறையில் போட்டு வைத்தார்களாம். ஆண்கள் ஊரில் இல்லாத நேரம் அது.

யுத்தம் முடிந்த குளிர்காலத்தில், உயிரோடு திரும்பியவர்கள் ஒரு சத்திரத்தின் நடனக் கூடத்தில் வாசிக்கத் தொடங்கினார்கள். டிக்கெட் கிடையாது. கேட்க வருகிறவர் ஆளுக்கு ஒரு கரிக்கட்டி கொண்டுவந்து வாசலில் கொடுக்க வேண்டும். அந்தக் கரியை எரித்துத்தான் கூடத்தைச் சூடாக்கினார்கள். கரி தீர்ந்தால் இசையும் முடிந்தது. நான் போன சமயத்திலும் அதே கூடம்தான். சுவரில் புகைக் கறை இருந்தது. அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை, வாத்தியக் குழு இல்லாத சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கெல்லாம் இவர்கள் பஸ்ஸில் போய் வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடம், சுரங்கக்காரர் சங்கம், நோயாளிகள் குளிக்க வரும் ஊற்று ஊர் என்று போவார்கள். "பெரிய நகரத்துக் குழுக்களிடம் ஜனங்கள் போகிறார்கள். நாங்கள் பால்காரன் மாதிரி, நாங்கள்தான் வீடு வீடாகப் போக வேண்டும்" என்பார் ஓட்டோ. உன் மாமா கேட்ட லாரி அதற்குத்தான்.

வேலை செய்யும் முறையைப் பற்றி. நான் அதிசயப்பட்டது ஒன்று உண்டு. முழு இசையும் நடத்துனரின் தாளில் மட்டுமே இருக்கும். மற்ற ஒவ்வொருவரிடமும் அவரவர் பங்கு மட்டும்தான். ஓட்டோவின் தாள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்ற எண் மட்டும் போட்டிருக்கும். அவர் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே இருப்பார். நம் மெஷினில் மஞ்சள் பிளேட்டை மட்டும் ஓட்டி எடுத்த தாளை ஞாபகப்படுத்திக்கொள். அங்கங்கே கறை பட்டது போலத்தான் இருக்கும். அதைப் பார்த்து என்ன படம் என்று எவனும் சொல்ல முடியாது. சிவப்பும் நீலமும் கருப்பும் அதன்மேல் ஏறிய பிறகுதான் படம். என் தொழிலில் எனக்குப் புரியாமல் இருந்ததை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

நாற்காலி விஷயம். அப்போது அதைச் செய்த கிழவரை நான் கவனித்திருக்கிறேன். எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி என்று அவர் நினைக்க மாட்டார். பெரிய பிடிலைக் காலிடுக்கில் வைத்து வாசிப்பவருக்கு முன்விளிம்பு தாழ்ந்த நாற்காலி; முதுகுவலிக்காரருக்கு அட்டை மடித்துக் கொடுத்தது; கிட்டப்பார்வைக்காரரின் தாள்தாங்கி ஒரு சாண் கிட்டே. யாரும் கேட்டு அவர் செய்ததில்லை. நீயும் கேட்பதற்கு முன் செய். போகும் ஊரில் மேடைப் பலகையை முதலில் மிதித்துப் பார். வாத்தியங்களைக் குளிரிலிருந்து கொண்டுவந்து உடனே கணப்புக்கு அருகில் வைக்காதே. இதெல்லாம் உனக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதில் பிழை இருந்தால் அவர்கள் சொல்வதையே கேள்.

நான்காவது. உன் கடிதத்தின் கடைசியில் 'நீங்கள் தனியாக இருப்பதை நினைத்தால்தான்' என்று எழுதி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருக்கிறாய். அதை நினைத்து நீ முடிவை மாற்றக் கூடாது. மெஸ்ஸிலிருந்து இரண்டு வேளையும் சாப்பாடு வந்துவிடுகிறது. தண்ணீர் பிடித்து வைக்கப் பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறாள். சாயங்காலம் வாசகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்க்கிறேன். ஆபீஸில் என் வேலை வழக்கம்போல நடக்கிறது. ஒரு குறையும் இல்லை. ஒரு கச்சேரிச் சம்பவத்தை இதற்கு உதாரணமாகச் சொல்கிறேன். குழு ஒரு சுரங்க ஊருக்குப் புறப்படும் நாளில் ஓட்டோவுக்குக் கடும் காய்ச்சல். வேறொரு நகரத்திலிருந்து ஒரு மாணவனை வரவழைத்தார்கள். ஓட்டோ என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார். போனேன். அந்தப் பையன் ஓரிடத்தில் கூடப் பிசகவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முரசுக்காரர் மாறியிருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. திரும்பி வந்து ஓட்டோவின் கட்டிலருகே நின்று, "எல்லாம் நன்றாக நடந்தது. நீங்கள் இல்லாதது யாருக்குமே தெரியவில்லை" என்றேன். அவர் "நல்லது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீடும் அப்படித்தான் தம்பி. ஓர் ஆள் போனால் அந்த இடத்தை மற்றவை வந்து நிரப்பிக்கொள்கின்றன. நீ மனக் கவலை இல்லாமல் இருக்கலாம்.

ஐந்தாவது. ஆகவே என் பதில்: அங்கேயே இரு. அவர்கள் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொள்.

இதோடு முடித்து, உறை கூட ஒட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா அருப்புக்கோட்டையிலிருந்து வந்தாள். உறையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கா? குடுங்க, நானும் ரெண்டு வரி எழுதுதேன்" என்று பிரித்துவிட்டாள். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று முழுவதையும் படித்தாள். அண்டா விழுந்த இடத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னப்பா இப்பிடி எழுதி வச்சிருக்கீக?"

"இருக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கேன்."

"இருக்கச் சொன்னது சரிதான். 'நீ இல்லாம ஒரு கொறையும் இல்ல'ன்னு எழுதியிருக்கீகளே, அதைப் படிச்சா அவன் சந்தோசப்படுவானா?"

"அவன் கவலைப்படாம இருக்கட்டும்னுதான்."

"அம்மா போன மறுவாரம் நீங்க என்னையப் பாத்து 'எல்லாம் நடந்துக்கிட்டுதான் இருக்கு, நீ போம்மா'ன்னீக. நான் பஸ்ஸுல அருப்புக்கோட்டை வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன். எனக்கு இந்த வீட்டுல இனி என்ன இருக்குன்னு." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கோபத்தோடுதான் பேசினாள். "அந்த வெள்ளைக்காரரு நிம்மதியாத் திரும்பிப் படுத்தாராக்கும்? நீங்க பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை. அவர் முதுகைத்தான் பார்த்தேன். மறுநாள் காலையில் ஓட்டோ காய்ச்சலோடு எழுந்து, மனைவி தடுத்தும் கேளாமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஒத்திகைக்குப் போனார். அந்த ஊர் ஆட்களின் கடமை உணர்ச்சி என்று அதை என் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். படித்தவன் இல்லையா, ஒரு விளக்கம் கிடைத்தால் போதும், அதோடு நின்றுவிடுவேன். உன் அக்கா கேட்ட பிறகுதான், படுக்கையில் கிடந்தபடி அவர் என்னிடம் உண்மையில் எதைக் கேட்டார் என்று யோசிக்கிறேன். அவரிடம் சொல்வதற்கு உண்மையான ஒரு விஷயமும் என்னிடம் இருந்தது. பையன் முரசை அடித்த ஒவ்வொரு தடவையும் நான் பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். எனக்காக யாரும் தலையைத் தூக்கவில்லை. அந்தக் கூடம் முழுவதிலும் அவர் இல்லாதது ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல், யாருக்குமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கும் அதையே செய்ய இருந்தேன். ஆகவே ஆபீஸ் வேலை வழக்கம்போல நடக்கிறது என்று எழுதியதைத் திருத்துகிறேன். போன மாதம் லட்சுமி காலண்டரின் ப்ரூஃபை நான் பார்த்து ஓகே போட்டேன். ஒரு நாள் முழுக்க மெஷின் ஓடிய பிறகு முதலாளி ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், லட்சுமிக்கு மஞ்சக்காமாலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ப்ரூஃபிலேயே மஞ்சள் தூக்கலாக இருப்பது எனக்கும் தோன்றத்தான் செய்தது. என் கண்ணை நான் என்றைக்கும் நம்பியதில்லை. வழக்கம்போல, நீ நிற்கும் வலப்பக்கம் தாளை நீட்டி, "தம்பி, மஞ்சள் கூடுதலா?" என்று கேட்டேன். அங்கே பேப்பர் கட்டுதான் இருந்தது. ஆள் இல்லாத பக்கம் பேசியதை யாரும் பார்த்துவிட்டார்களோ என்ற கூச்சத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மெஸ் சாப்பாடும் சரியில்லை. வாசகசாலைக்குப் போவது பத்திரிகை பார்க்க அல்ல. வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

புதிதாக ஒரு கடிதம் எழுதலாமா என்று உன் அக்காவிடம் கேட்டேன். "வேண்டாம், இதையே அனுப்புங்க, நீங்க அடுத்த தடவை எழுதுறதுக்குள்ள அவனுக்கு மண்டை நரைச்சிரும்" என்றாள். அதனால் எதையும் அடிக்காமல் அனுப்புகிறேன். நான்காவது தவறு. அதைப் படித்துவிட்டு, அப்படி இல்லை என்று தெரிந்துகொள். ஐந்தாவதை அவள் இரண்டு முறை படித்தாள், நானும் படித்தேன். அதை மாற்றவில்லை.

அப்பா